கடல் கடந்த குழந்தைகளும் கோர்ட்டுகளின் அதிகாரமும்

தாயும் தகப்பனும் மனம் வேறுபட்டு, குழந்தை யாரிடம் இருப்பது என்று வியாஜ்யம் நடக்கும்போதே, அவர்களில் ஒருவர் குழந்தையை எடுத்துக்கொண்டு அன்னிய தேசத்துக்குப் போய்விட்டால் சட்டம் என்ன செய்யும்? இக்கேள்வி ஒரு காலத்தில் நம் தேசத்தில் இரண்டொரு பெரிய குடும்பங்களைப் பற்றியதாகவே இருந்தது. இன்றைய ஸ்திதி வேறு. நம் ஜனங்கள் லண்டனிலும் நியூஜெர்ஸியிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் குடித்தனம் நடத்துகிறார்கள். கலியாணம் கும்பகோணத்தில் நடக்கிறது. பிரசவம் அமெரிக்காவில் நடக்கிறது. பிணக்கு ஏற்பட்டதும் ஒருவர் அங்கேயும் மற்றவர் இங்கேயுமாக இரண்டு தேசத்துக் கோர்ட்டுகளில் ஏககாலத்தில் வழக்கு நடக்கிறது. குழந்தைக்குப் பாஸ்போர்ட் ஒரு தேசத்தினுடையது. பாட்டி வீடு மற்றொரு தேசத்தில் இருக்கிறது.

குடும்பக் கலகத்துக்கு இப்பக்கத்தில் இடம் ஏன் என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். ஒரு தேசத்துக் கோர்ட்டின் உத்தரவு மற்றொரு தேசத்து மண்ணில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது ராஜ்ய விஷயமே அன்றி வேறல்ல. தவிரவும், இதற்கென்று நம் பார்லிமெண்டு இன்றுவரை ஒரு சட்டமும் செய்யவில்லை. ஆகையால் இது ராஜ்ய விஷயங்களில் கவலையுள்ளவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயமென்பது நமது அபிப்பிராயம்.

இதில் சட்டம் வேலை செய்யும் விதத்தை அறிவதற்கு வெகு தூரம் போக வேண்டுவதில்லை. நம் அடையாற்றில் தொடங்கி லண்டன் பிரிவி கௌன்ஸில் வரையில் போன வழக்கு ஒன்று உண்டு. பிற்காலத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்தவரையும், அவருடைய தம்பி நித்யானந்தத்தையும் பற்றியது அது. அவர்களுடைய தகப்பனார் ஸ்ரீ நாராயணய்யா ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பிரம்மஞான சங்கத்தில் ஒரு வேலையை ஏற்று, 1909-ம் வருஷ ஆரம்பத்தில் பிள்ளைகளுடன் அடையாற்றுக்கு வந்தார். 1910-ம் வருஷம் மார்ச்சு மாதம், பிள்ளைகளின் பராமரிப்பையும் படிப்பையும் ஸ்ரீமதி அன்னி பெஸண்டு அம்மையாரிடம் ஒப்புவித்துக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறகு சங்கத்தின் மற்றொரு பிரமுகரான லெட்பீட்டரிடம் பிள்ளைகள் பழகுவது அவருக்குச் சம்மதமில்லாமற் போயிற்று. வழக்குத் தொடுப்பதாகவும் சொன்னார். 1912-ம் வருஷம் ஜனவரியில் ஒருவாறு சமாதானம் ஏற்பட்டது. பிப்ரவரியில் பிள்ளைகள் அம்மையாருடன் கப்பலேறினார்கள். அவ்வருஷக் கடைசியில் அம்மையார் திரும்பி வந்தார். பிள்ளைகள் இங்கிலாந்திலேயே நிறுத்தப்பட்டார்கள்.

அக்டோபர் மாதம் தகப்பனார் செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் தாவாச் செய்தார். தாவா சென்னை ஐகோர்ட்டுக்கு மாற்றப்பட்டு ஜஸ்டிஸ் பேக்வெல் முன்னிலையில் விசாரணைக்கு வந்தது. வாதிக்காக ஆஜரானவர் ஸ்ரீ ஸி. பி. ராமஸ்வாமி ஐயர். அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். (சில வருஷங்களுக்குள் இவ்விருவரும் ஹோம் ரூல் இயக்கத்தில் ஒரே மேடையில் சேர்ந்து நின்றதை நம் முன்னோர் கண்டார்கள்.) 1913-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி தீர்ப்பாயிற்று. தகப்பனார் சுமத்திய கடுமையான குற்றச்சாட்டுகளை நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. செலவுத்தொகையையும் அவர் தலையிலேயே கட்டினார். ஆனாலும் பிள்ளைகள் கோர்ட்டின் பாதுகாப்புக்கு உட்பட்டவர்கள் என்று பிரகடனம் செய்து, மே மாதம் 26-ந் தேதிக்குள் அவர்களைத் தகப்பனாரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அப்பீலில் தலைமை நீதிபதி ஸர் ஆர்னால்டு ஒயிட்டும் ஜஸ்டிஸ் ஓல்டுபீல்டும் அவ்வருஷம் அக்டோபரில் இதை ஊர்ஜிதம் செய்தார்கள்.

இரண்டு கோர்ட்டுகளிலும் ஜயித்த தகப்பனாரின் கைக்குப் பிள்ளைகள் வந்து சேரவில்லை. அம்மையார் பிரிவி கௌன்ஸிலுக்குப் போனார். 1914-ம் வருஷம் மே மாதம் பார்க்கர் பிரபு கூறிய தீர்ப்பில், நாம் இன்றும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய அம்சங்கள் பல இருக்கின்றன. குழந்தைகளின் பாதுகாப்பு தகப்பனிடம் உள்ள ஒரு தர்மப் பொறுப்பு, அதைத் திரும்பப் பெற முடியாதபடி ஒருவருக்குத் தத்தம் செய்துவிட அவனுக்கு உரிமை இல்லை என்று பிரிவி கௌன்ஸில் சொல்லிற்று. அதாவது, கொடுத்த கடிதத்தை ரத்துச் செய்ய நாராயணய்யாவுக்குப் பாத்தியம் உண்டு. ஆனால் அப்படி ஒப்புவித்ததன் பேரில் குழந்தைகளுக்குப் புதிய பற்றுகளும் எதிர்பார்ப்புகளும் ஏற்பட்டு, அவற்றைக் கலைப்பது குழந்தைகளுக்கே தீங்காக முடியுமானால், கோர்ட்டு குறுக்கிட்டு அந்த ரத்தைத் தடுக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு வந்ததுதான் இடி. 1890-ம் வருஷத்து கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டப்படி, மைனர் எந்த ஜில்லாவில் சாதாரணமாக வசிக்கிறானோ அந்த ஜில்லாக் கோர்ட்டுக்கே அதிகாரம். இங்கிலாந்தில் படிப்புக்காகத் தங்கியிருக்கும் பிள்ளைகளைச் செங்கற்பட்டு ஜில்லாவில் சாதாரணமாக வசிப்பவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆகவே ஜில்லாக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. அதனிடமிருந்து வழக்கை வாங்கிக்கொண்ட ஐகோர்ட்டுக்கும் அதற்கு மேற்பட்ட அதிகாரம் இல்லை. மேலும், பிள்ளைகள் வழக்கில் கக்ஷிகளாகச் சேர்க்கப்படவில்லை. அவர்களுடைய விருப்பம் என்னவென்று கேட்டவரும் இல்லை. விருப்பமில்லாத பிள்ளைகளை அம்மையார் பலவந்தமாக இந்தியாவுக்குக் கொண்டுவர முயன்றால், இங்கிலாந்துக் கோர்ட்டில் அவர் மீதே ஹேபியஸ் கார்ப்பஸ் மனுப் போட இடமுண்டு. ஆகவே நிறைவேற்ற முடியாத காரியத்தைச் சென்னைக் கோர்ட்டு உத்தரவிட்டுவிட்டது என்று சொல்லித் தாவாவைத் தள்ளினார்கள். வேண்டுமானால் இங்கிலாந்து ஐகோர்ட்டில் மனுச் செய்துகொள்ளலாம் என்றும் வழி காட்டினார்கள்! சென்னையில் பென்ஷனை வைத்துக்கொண்டு காலங்கழித்த ஒரு மனிதருக்கு லண்டன் கோர்ட்டு எவ்வளவு தூரம் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். கிருஷ்ணமூர்த்தி 1921-ம் வருஷ முடிவில்தான் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு.

இந்த வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று தீர்மானிப்பது நம் நோக்கம் அன்று. கப்பல் ஏறிய மாத்திரத்தில் சட்டத்தின் நிலைமை மாறிவிட்டதைத்தான் நாம் எடுத்துக்காட்டுகிறோம். எந்தக் கோர்ட்டு என்பது மாறிற்று. எவ்வளவு செலவு என்பது மாறிற்று. குழந்தையின் மனமும் மாறிற்று. உத்தரவு கிடைப்பதற்கும் அது நிறைவேறுவதற்கும் நடுவில் போகும் மாதங்களே மூன்றாவது கக்ஷியாக நின்று வழக்கை முடித்துவிட்டன.

1890-ம் வருஷத்து அச்சட்டமே இன்றும் அமுலில் இருக்கிறது. கோர்ட்டினால் நியமிக்கப்பட்ட பாதுகாவலர் கோர்ட்டின் அனுமதியின்றி மைனரை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது 26-வது பிரிவு. மீறினால் 44-வது பிரிவின்படி ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத அபராதம், அல்லது ஆறு மாதத்துக்கு மேற்படாத ஸிவில் சிறை. ஆயிரம் ரூபாய் 1890-ல் பெருந்தொகைதான். இன்று விமான டிக்கட்டில் ஒரு மூலைக்குக்கூட அது காணாது. இந்தியக் குற்றச் சட்டமோ சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து குழந்தையைக் கடத்துவதைத்தான் தண்டிக்கிறது. பெற்றவர்களே இயற்கைப் பாதுகாவலர்கள் ஆகையால், கோர்ட்டின் தடையுத்தரவு இல்லாத இடத்தில் தகப்பனோ தாயோ தம் குழந்தையைக் கடத்தினார் என்ற குற்றம் பொதுவாக நிற்பதில்லை. வியாஜ்யம் நடக்கும்போது குழந்தையின் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கும்படி கேட்டு முன்கூட்டியே உத்தரவு வாங்குவதுதான் நம் வக்கீல்கள் அறிந்த தற்காப்பு. குழந்தை விமானம் ஏறிய பிறகு கோர்ட்டு அவமதிப்பு ஒன்றே பாக்கி.

அந்த அவமதிப்பு அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும்? 2020-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு குழந்தையைக் கென்யாவில் வசிக்கும் தகப்பனிடம் ஒப்புவித்தது. தன் உத்தரவுக்குச் சமமான உத்தரவு ஒன்றை நைரோபிக் கோர்ட்டிலிருந்து அவர் முதலில் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. இரண்டு கண்ணாடிகள் எதிரெதிராக இருப்பது போன்ற இந்த ஏற்பாடு நல்ல யுக்தி என்றே எல்லோரும் நினைத்தார்கள். தகப்பன் கொண்டுவந்த காகிதம் நம்பத் தகாதது என்று பின்னால் வெளியாயிற்று. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பையே வாபஸ் வாங்கிக்கொண்டது. 2022-ல் அவருக்குச் சிறையும் 25 லக்ஷம் ரூபாய் அபராதமும் விதித்தது. தண்டனை கடுமையானதுதான். ஆனால் தண்டிக்கப்பட்டவரும் குழந்தையும் கோர்ட்டின் கைக்கு எட்டாத கண்டத்தில் இருக்கும்போது அந்தக் கடுமையால் தாய்க்கு என்ன லாபம்?

எதிர்த் திசையில், அதாவது அன்னிய தேசத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் விஷயத்தில், நம் சுப்ரீம் கோர்ட்டின் போக்கு நாற்பது வருஷங்களாக ஊஞ்சல்போல் ஆடி வந்திருக்கிறது. 1984-ல் இங்கிலாந்திலிருந்து தகப்பன் கொண்டுவந்த பையனைத் தாயிடம் திருப்பிவிட்டார்கள். குடும்பம் எங்கே வாழ்ந்ததோ அத்தேசத்துக் கோர்ட்டுக்கே நெருங்கிய சம்பந்தம் என்றார் தலைமை நீதிபதி சந்திரசூட். 1987-ல் அமெரிக்காவில் மிச்சிகன் கோர்ட்டின் உத்தரவை மீறித் தகப்பன் கொண்டுவந்த குழந்தையும் அவ்வாறே திரும்பிற்று. 1998-ல் நிலை மாறியது. கைக்குழந்தையாக வந்து இங்கேயே பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் வளர்ந்துவிட்ட பையனைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, அன்னியக் கோர்ட்டின் உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்றே தவிர முடிவான சாஸனம் அன்று என்றார்கள். 2009-ல் மறுபடியும் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். அந்த வழக்கில் தாயையும் பிள்ளையையும் பல ராஜ்யங்களின் போலீஸார் தேடியும் காணாமல், கடைசியில் மத்தியப் புலனாய்வு இலாகாவினர் சென்னையில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2015-ல் கோயம்புத்தூருக்கு வந்த இரு பெண் குழந்தைகளைப் பற்றிய வழக்கு நம் ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஜஸ்டிஸ் லோகூர் அதில், எந்தத் தேசத்துக் கோர்ட்டு முதலில் செயலுள்ள உத்தரவு பிறப்பித்ததோ அதை மற்றது மதிக்க வேண்டும் என்று ஒரு விதி வகுத்தார். அவ்விதி மூன்று வருஷங்கூட நிலைக்கவில்லை. 2017-ல் ஜஸ்டிஸ் கான்வில்கர் முதலான மூவர் கொண்ட பெஞ்சு அதை ஏற்காமல், குழந்தையின் க்ஷேமமே தலையாயது, அன்னிய உத்தரவு அதற்கு உட்பட்டதே என்று கூறியது. அதன் பிறகும் 2020-லும் 2022-லும், அந்தந்தக் குழந்தையின் க்ஷேமத்தைச் சொல்லியே, அமெரிக்காவுக்குத் திருப்பியனுப்பிய தீர்ப்புகள் வந்திருக்கின்றன. குழந்தையின் க்ஷேமம் என்ற சொல்லை ஆக்ஷேபிப்பவர் யாரும் இல்லை. ஆனால் எந்த வழக்கு எப்படி முடியும் என்று எந்த வக்கீலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில், தாமதம் செய்பவருக்கே லாபம் ஏற்படுகிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, பாஷை பழகியாயிற்று, பாட்டியிடம் ஒட்டிக்கொண்டாயிற்று என்று ஒவ்வொரு வாய்தாவும் ஒரு சாக்ஷியாகிவிடுகிறது.

குழந்தையை எடுத்து வந்தவருக்கு இங்கே கிடைக்கும் அபயம் வெளியே செல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் 1993-ம் வருஷத்துச் சட்டப்படி, பெற்றவரே ஆனாலும் மற்றவரின் உரிமையைத் தடுக்கும் எண்ணத்துடன் குழந்தையை வெளிதேசத்துக்குக் கொண்டுபோனால் மூன்று வருஷம் வரையில் சிறை. இங்கிலாந்தின் 1984-ம் வருஷத்துச் சட்டம் ஏழு வருஷம் வரையில் விதிக்கிறது. ஆகவே கோயம்புத்தூரிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் ஒரு தாய், இங்கே வழக்கில் ஜயித்தாலும், அந்தத் தேசத்தில் கால் வைத்தால் வாரண்டு காத்திருக்கக்கூடும். குழந்தையைத் திருப்பியனுப்பும்படி உத்தரவிடும்போது, தாயின் பிரயாணச் செலவு, தங்கும் இடம், குற்ற வழக்கை வாபஸ் பெறுதல் இவற்றுக்குக் கணவனிடம் உறுதிமொழி வாங்கும் வழக்கத்தை நம் கோர்ட்டுகள் கைக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்தக் குழப்பத்துக்குப் பரிகாரமாக 1980-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஹேக் நகரத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பதினாறு வயதுக்கு உட்பட்ட குழந்தை தன் வழக்கமான வாசஸ்தலத்திலிருந்து முறைகேடாகக் கொண்டுபோகப்பட்டால், ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்தவருக்கு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் முடிவு செய்யாவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம். குழந்தை யாரிடம் இருப்பது என்ற மூல வழக்கைத் திரும்பிய பிறகு அத்தேசத்துக் கோர்ட்டே தீர்க்கும். திருப்பினால் குழந்தைக்குக் கடுமையான அபாயம் உண்டென்று ருஜுவானால் மறுக்கலாம். நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. ஸ்ரீலங்கா 2001-லும், ஜப்பான் 2014-லும் சேர்ந்தன. பாகிஸ்தானும் சேர்ந்தாகிவிட்டது. இந்தியா சேரவில்லை.

சேரக் கூடாது என்று சொல்பவர்களின் வாதம் அலக்ஷியம் செய்யத்தக்கதன்று. உரிமையில்லாத தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை மனதில் வைத்து எழுதப்பட்டது அந்த உடன்படிக்கை. ஆனால் எடுத்துச் செல்வோரில் பெரும்பாலோர் தாய்மார்களே என்று ஹேக் மகாநாட்டின் பரிசீலனைகளே காட்டுகின்றன. கணவனுடைய விஸாவில் போய், வேலை செய்ய அனுமதியின்றி, கையில் காசின்றி, அடியையும் பொறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிறந்தகத்துக்கு ஓடிவந்தால் அவளைக் கடத்தல்காரி என்பது என்ன நியாயம்? அவள் பட்ட அடியைக் குழந்தைக்கு உண்டாகும் அபாயமாகக் கணக்கிட அன்னிய நீதிபதிகள் எல்லோரும் இசைவதில்லை. நம் ஸர்க்கார் தயங்கியதற்கு இதுவே முக்கிய காரணம். அதை நாம் குறைகூறமாட்டோம்.

அன்னியக் கோர்ட்டுக்குத் தலைவணங்குவதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. 1914-ல் சென்னை ஐகோர்ட்டின் தீர்ப்பைத் தள்ளியது நம்மை ஆண்டவர்களின் கோர்ட்டு. அங்கே நமக்குச் சமத்துவம் இல்லை. இன்றைய உடன்படிக்கை பரஸ்பரமானது. நாம் வெளியே நிற்பதால் நஷ்டப்படுவோர் அன்னியர் மட்டுமல்லர். இந்தியாவிலிருந்து குழந்தையைக் கணவன் வெளிதேசத்துக்குக் கொண்டுபோய்விட்டால், இங்குள்ள தாய் அத்தேசத்து ஸர்க்காரிடம் உடன்படிக்கையைக் காட்டி உதவி கேட்க வழியில்லை. நாராயணய்யாவைப் போலவே அவளும் அங்கே போய்த் தன் செலவில் வழக்காட வேண்டும். மேலும், அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய தேசங்களின் கோர்ட்டுகளில் ஒரு தாய் விடுமுறைக்குக் குழந்தையை இந்தியாவுக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டால், இந்தியா உடன்படிக்கையில் இல்லாத தேசம் என்பதே அவளுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதமாகிறது. தாத்தாவும் பாட்டியும் பேரனைக் காணாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம் தேசத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜஸ்டிஸ் ஏ. ஆர். லக்ஷ்மணன் தலைமையில் இருந்த லா கமிஷன் 2009-ம் வருஷத்திலேயே உடன்படிக்கையில் சேரும்படி சிபாரிசு செய்தது. 2016-ல் ஸர்க்கார் ஒரு மசோதா வெளியிட்டார்கள். அவ்வருஷமே லா கமிஷன் அதைத் திருத்தி வேறொன்று எழுதிக் கொடுத்தது. 2018-ல் ஜஸ்டிஸ் ராஜேஷ் பிந்தல் கமிட்டி, இத்தகைய வழக்குகளை விசாரிக்கத் தனி அதிகாரஸ்தானம் ஒன்று வேண்டும் என்று யோசனை கூறியது. இவற்றில் ஒன்றும் சட்டமாகவில்லை.

நம்முடைய அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். உடன்படிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடச் சொல்லவில்லை. முதலில் நம் சட்டம் வேண்டும். குழந்தை எத்திசையில் கொண்டுபோகப்பட்டாலும், அடிக்கும் உதைக்கும் பயந்து ஓடிவந்த தாயை வேறாகவும், மற்றவரைப் பழிவாங்கக் குழந்தையை ஆயுதமாக்கியவரை வேறாகவும் பிரித்தறிய அச்சட்டம் விதி செய்ய வேண்டும். ஓடிவந்தவள் ருஜுக் கொண்டுவர அவகாசமும் செலவுக்குப் பணமும் கொடுக்க வேண்டும். விவரம் அறிந்த குழந்தையின் வாய்மொழியைக் கேட்க வேண்டும். இவ்வளவும் வாரக்கணக்கில் முடிய வேண்டும், வருஷக்கணக்கில் அல்ல. ஆயிரம் ரூபாய் அபராதத்தையும் மாற்றி எழுத வேண்டும். அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹேக் தேசங்களுடன் பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். பிந்தல் கமிட்டியின் யோசனைகளை எடுத்துக்கொண்டு விவாதிக்கும்படி பார்லிமெண்டு அங்கத்தினர்களை அவரவர் தொகுதியில் உள்ள நம் நேயர்கள் கேட்பார்களாக.